வாலில் வி.டி., வாயில் வி.யு.: விமானப் பைத்தியங்களுக்கு ஹாம் ரேடியோ

பல்லாவரத்தில் ஒரு தோல் பதனிடும் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வீடு பொழிச்சலூரில். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, விமானங்கள் சக்கரத்தை இறக்கிக்கொண்டு மீனம்பாக்கத்துக்குப் போவது தெரியும். எனக்குப் பத்து வயதானபோது அப்பா ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து கண்ணில் பட்ட விமானங்களின் பதிவெண்களை எழுதி வருகிறேன். இப்போது ஓடுவது ஏழாவது நோட்டு. எனக்கு வயது 43. இதையெல்லாம் ஆலையில் யாரிடமும் சொல்வதில்லை.

குரோம்பேட்டையில் ஒரு பெரியவர் இருக்கிறார். விமான நிலைய ரேடியோக் கருவிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே ஹாம், அதாவது உரிமம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக வானலையில் பேசுபவர். அவரைத் தேடிப் போனபோது என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"சார், பைலட் பேசுவதைக் கேட்க வேண்டும். எந்த செட் வாங்கலாம்?"

அவர் பதில் சொல்லவில்லை. என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"வரிக்கு வரி வி.டி. என்று எழுதியிருக்கிறாயே, அது என்னம்மா?"

"இந்திய விமானம் சார்."

"அந்த எழுத்தை நமக்கு யார் கொடுத்தார்கள்?"

முப்பது வருடமாக எழுதுகிறேன், அது மட்டும் தெரியவில்லை.

கொடுத்தது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். வானலையில் பேசும் எதற்கும் பெயர் வேண்டும். ஒரே பெயர் இரண்டு நாட்டில் வரக்கூடாது. அதனால் ஒவ்வொரு நாட்டுக்கும் எழுத்து வரிசைகளைப் பங்கிட்டிருக்கிறார்கள். இந்தியாவுக்குக் கிடைத்தவற்றில் ஒன்று வி.டி.ஏ. முதல் வி.டபிள்யூ.இசட். வரை. அதில் வி.டி. விமானங்களுக்குப் போனது, வி.யு. ஹாம்களுக்கு வந்தது. இலங்கை விமானத்தில் 4ஆர் இருக்கும். இலங்கை ஹாமின் கால்சைன், அதாவது வானலையில் அவருக்குள்ள பெயர், 4எஸ் என்று தொடங்கும். சில நாடுகளில் அந்த வித்தியாசம்கூட இல்லை. சிங்கப்பூர் விமானமும் 9வி, சிங்கப்பூர் ஹாமும் 9வி. மலேசியா 9எம், அமீரகம் ஏ6, ஜப்பான் ஜே.ஏ., எல்லாம் அப்படியே. வாலைப் பார்த்து ஊர் சொல்லத் தெரிந்தவருக்கு, குரலைக் கேட்டு ஊர் சொல்வது புதுப் பாடம் அல்ல. இதைப் புரிந்துகொண்ட மாலையில்தான் ஹாம் ஆவது என்று முடிவு செய்தேன். கேட்கப் போன விஷயத்தை மறந்தே போனேன்.

ஆனால் நீங்கள் அதைக் கேட்பீர்கள். ஆகவே முதலில் அதை முடித்துவிடுவோம்.

ஹாம் உரிமம் விமானியோடு பேசுவதற்கான உரிமம் அல்ல. விமானங்கள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை பேசுகின்றன. நமக்கு அருகில் உள்ள இடம் 144 முதல் 146 வரை. எண்ணில் பக்கத்து வீடு போலத் தெரியும். ஆனால் இடையில் உள்ள சுவர் சட்டம் கட்டியது. அந்தப் பக்கம் ஒரு விநாடி பேச்சுப் பொத்தானை அழுத்தினாலும் குற்றம், அதைவிட ஆபத்து. கேட்பதும் அமெச்சூர் உரிமத்தில் அடங்காது. நம் உரிமம் அமெச்சூர் அலைகளுக்கு மட்டுமே. சில வெளிநாடுகளில் ரசிகர்கள் வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெளிப்படையாகவே கேட்கிறார்கள். அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே அதேபோல் இறங்கிவிடாதீர்கள். தற்செயலாகக் காதில் விழுந்த பிறர் செய்தியை வெளியே சொல்லக்கூடாது என்பது ஹாம் பரீட்சையில் வரும் பாடங்களில் ஒன்று.

இன்னொன்று, மலிவு விலைக் கையடக்க செட்களில் பல, வாங்கிவந்து தட்டினாலும் விமானத்தைப் பிடிக்காது. அவை எஃப்.எம். முறையில் இயங்குபவை, விமானங்கள் இன்றும் ஏ.எம். முறையில் பேசுகின்றன. காரணம் சுவாரசியமானது. எஃப்.எம்.மில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் மற்றவரை முழுக்க விழுங்கிவிடுவார். இரண்டாவதாக ஒருவர் பேசியதே யாருக்கும் தெரியாது. ஏ.எம்.மில் இரண்டும் மோதி ஒரு சீழ்க்கை கிளம்பும். யாரோ குறுக்கிட்டார்கள் என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். ஒலித் தரம் குறைந்த அந்தப் பழைய முறையை விமானத்துறை கைவிடாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, பரீட்சை. இந்தியாவில் இதற்குப் பெயர் அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ்த் தேர்வு. நடத்துவது தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். 12 வயது நிறைந்தால் எழுதலாம். என் மகனுக்கு அந்த ஆண்டுதான் 12 முடிந்திருந்தது. அவனையும் சேர்த்துப் பதிவு செய்தேன். துணைக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்தேன், கிடைத்தது போட்டி.

இரண்டு நிலை உண்டு. கட்டுப்படுத்தப்பட்ட நிலைக்கு வி.யு.3 என்ற முன்னெழுத்து, பொது நிலைக்கு வி.யு.2. முதலாவதற்கு ஒரு மணி நேரத் தாள். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். ரேடியோ அறிவியல் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. ஒவ்வொன்றிலும் 40 சதவீதமும் மொத்தத்தில் 50 சதவீதமும் வேண்டும். பொது நிலைக்குத் தாள் பெரிது, தேர்ச்சி வரம்பு உயர்வு, கூடவே புள்ளியும் கோடுமாகத் தட்டும் மோர்ஸ் தந்தி மொழி உண்டு, நிமிடத்துக்கு 8 சொல். கட்டணம் அதிகமில்லை, 20 ஆண்டு உரிமம் 1,000 ரூபாய், வாழ்நாள் உரிமம் 2,000 ரூபாய் என்பது கணக்கு. விண்ணப்பிக்கும் நாளில் துறையின் தளத்தில் அன்றைய விதியை ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். தேர்ச்சிக்குப் பிறகு பின்னணிச் சரிபார்ப்பு உண்டு. அதற்கு மாதங்கள் ஆகும். உரிமம் கைக்கு வரும் முன் செட் வாங்க வேண்டாம். பெரியவர் இதில் கறார். "கல்யாணத்துக்கு முன் தொட்டில் வாங்காதே" என்றார்.

எந்த நிலைக்கு எழுதுவது? முதலில் வி.யு.3 எழுதுங்கள் என்பேன். மோர்ஸுக்குப் பயந்து மொத்தத்தையும் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்காக மோர்ஸை வெறுக்கவும் வேண்டாம். விமானங்களுக்கு வழிகாட்டும் வி.ஓ.ஆர். நிலையங்கள் இன்றும் தங்கள் பெயரை மோர்ஸில்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

பள்ளி இயற்பியலை இருபத்தைந்து வருடம் கழித்துத் திறந்தபோது ஓம் விதி எனக்கு அந்நியமாகத்தான் இருந்தது. ஆலையில் மதிய உணவு நேரத்தில் தினம் இரண்டு பக்கம் படித்தேன். விமானத்தோடு முடிச்சுப் போட்ட பிறகுதான் எதுவும் தங்கியது. உதாரணம், விமானங்களும் நம் 145 மெகாஹெர்ட்ஸும் அடங்கிய வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்லும், பூமி வளைந்துகொண்டு மறைக்கும் என்பது பாடம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால், அலை எட்டும் தொடுவானம் கிலோமீட்டரில் வரும். கையில் பிடித்த செட் ஒன்றரை மீட்டர் உயரம். விடை 5 கிலோமீட்டர். என் மாடி 12 மீட்டர்; விடை 14. தலைக்கு மேல் 10,700 மீட்டரில், அதாவது 35,000 அடியில் போகும் விமானத்துக்கு? 426 கிலோமீட்டர். விமானத்தின் ரேடியோ நம் கையிலிருப்பதைவிடப் பெரிய மந்திரமல்ல, அது நிற்கும் இடம்தான் உயரம். செட்டின் விலையைப் பற்றி இரவெல்லாம் யோசிப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

பரீட்சையில் மகன் என்னைவிட அதிகம் வாங்கினான். எவ்வளவு என்று இங்கே எழுதப் போவதில்லை.

உரிமம் வருவதற்குள் நாக்கைப் பழக்குங்கள். ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற எழுத்துச் சொற்கள் விமானிக்கும் நமக்கும் ஒன்றே. நான் பழகியது ஜி.எஸ்.டி. சாலை சிக்னலில். முன்னால் நிற்கும் வண்டி எங்கள் பகுதிப் பதிவாக இருக்கும். டாங்கோ நவம்பர் டூ டூ என்று தொடங்கி மீதி எழுத்துகளை முணுமுணுப்பேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் ஜெபம் என்று நினைத்திருப்பார்கள்.

கியூ என்று தொடங்கும் மூன்றெழுத்துச் சுருக்கங்களான கியூ குறிகளும் அப்படியே. விமானம் இறங்கும்போது உயரமானியைச் சரிசெய்யக் கேட்கும் கியூ.என்.எச். என்ற காற்றழுத்த எண் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஹாம் தன் ஊரைச் சொல்லும்போது கியூ.டி.எச். என்பார். இரண்டும் ஒரே குடும்பம், தந்திக் காலத்துச் சொத்து. கியூ.ஏ. முதல் கியூ.என். வரை விமானத்துறைக்கு, கியூ.ஆர். முதல் கியூ.யு. வரை எல்லாச் சேவைகளுக்கும் பொது என்று பாகம் பிரித்திருக்கிறார்கள். குறுக்கீடு கியூ.ஆர்.எம்., அலை மங்கி மங்கி வந்தால் கியூ.எஸ்.பி., கிடைத்தது என்றால் கியூ.எஸ்.எல்.

ஒரு இடத்தில் மட்டும் விமானப் பழக்கம் காலை வாரும். அங்கே குரலின் தெளிவை 1 முதல் 5 வரை சொன்னால் போதும். இங்கே தெளிவுக்கு 5 வரை, வலுவுக்கு 9 வரை, இரண்டும் சொல்ல வேண்டும். நான் முதல் நாள் "ஃபைவ்" என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். எதிர்முனையில் இருந்தவர் மீதி எண்ணுக்காகக் காத்திருந்தார். நான் அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். இப்படி அரை நிமிடம்.

செட்டைப் பற்றி நீளமாக எழுத எனக்கு ஆர்வமில்லை. 5 வாட் கையடக்க செட் ஒன்று, முறையான ரசீதோடு, போதும். செலவையும் கவனத்தையும் ஆன்டெனாவில் வையுங்கள். செட்டோடு வரும் ரப்பர் குச்சி அவசரத்துக்குத்தான் உதவும்.

நான் செய்தது கால் அலை ஆன்டெனா. 300ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் வரும். 145க்கு 2.07 மீட்டர். அதில் கால் பங்கு சுமார் 52 சென்டிமீட்டர். கம்பியில் மின்சாரம் சற்று மெதுவாக ஓடுவதால் ஐந்து சதவீதம் கழித்து 49 சென்டிமீட்டர். ரிட்சி தெருவில் ஒரு சாக்கெட் வாங்கி, நடுவில் செங்குத்தாக ஒரு பித்தளைக் கம்பி, நான்கு மூலையிலும் அதைவிடக் கொஞ்சம் நீளமான நான்கு கம்பிகள் வைத்துப் பற்றவைத்தோம். அந்த நான்கையும் 45 பாகை கீழ்நோக்கி வளைத்தால் மின்மறுப்பு 50 ஓமுக்கு அருகில் வரும். செட் எதிர்பார்ப்பதும் அதுதான். கணக்கில் 49 வந்தது என்று நான் 49க்கே ஒரே வெட்டாக வெட்டினேன். அடியில் பற்றவைக்கக் கம்பி வேண்டும் என்பது வெட்டிய பிறகு நினைவுக்கு வந்தது. கணக்கர் புத்தி, விடை வந்தால் கோடு போட்டு மூடிவிடும். 52க்கு வெட்டி, ஆன்டெனா ஏற்காமல் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரைப் பார்த்துக்கொண்டே அரை அரை சென்டிமீட்டராகக் குறையுங்கள். 1.5க்குக் கீழே வந்தால் நிறுத்திவிடலாம். மீட்டரை யாரிடமாவது இரவல் வாங்குங்கள். ஹாம்கள் இரவல் கொடுப்பார்கள், கூடவே இரண்டு மணி நேரம் பேசுவார்கள்.

கேபிளில் ஏமாந்துவிடாதீர்கள். மெல்லிய ஆர்.ஜி.58 வகை 15 மீட்டர் போட்டால், 145 மெகாஹெர்ட்ஸில் ஏறக்குறையப் பாதி ஆற்றல் வழியிலேயே சூடாகப் போய்விடும். நான் செட்டை மாடி அறைக்குத் தூக்கிக்கொண்டு போய் 6 மீட்டர் கேபிளோடு முடித்துக்கொண்டேன். மழைக்காலத்தில் கஷ்டம்தான்.

எங்களைப்போல் விமான நிலையத்தை ஒட்டி வாழ்பவர்களுக்கு ஒரு சொல். உயரமாகக் கம்பம் நடும் ஆசை வரும். விமான நிலையங்களைச் சுற்றி எவ்வளவு உயரம் கட்டலாம் என்பதற்கு இந்திய விமான நிலைய ஆணையத்தின் வண்ண வரைபடம் உண்டு. கட்டடத்துக்கு மட்டுமல்ல, கம்பத்துக்கும் அந்த உயரம் பொருந்தும். என் ஆன்டெனா தண்ணீர்த் தொட்டிக்கு மேல் ஒரு கை உயரம், அதற்கு மேல் இல்லை. விமானத்தை நேசிக்கிறவள் அதன் பாதையில் குச்சி நீட்டக்கூடாது.

முதல் நாள் பேச வேண்டாம், கேளுங்கள். ஒரு வாரம் கேட்டாலும் தப்பில்லை. யார் எப்போது வருகிறார்கள், எப்படி முறை விட்டுப் பேசுகிறார்கள் என்று காதுக்குப் பழகும். பிறகு ஒரு இடைவெளியில் கால்சைனைச் சொல்லுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்குச் செட் கிடைத்தால் காலை வேளையில் தென்னிந்தியா முழுவதும் எழுந்து உட்கார்ந்து பேசுவதைக் கேட்கலாம். தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் வரும். அங்கே குரல் அலையின் ஒரு பாதியை மட்டும் அனுப்புவார்கள்; வழக்கம் கீழ்ப்பாதி, அதாவது கீழ்ப்பக்கப் பட்டை, எல்.எஸ்.பி. கடல் மேல் பறக்கும் விமானங்கள் சிற்றலையில் பேசும்போது மேல்பக்கப் பட்டையைத்தான் பயன்படுத்தும். பரீட்சையில் வராது, ஆனால் பெரியவர் கேட்பார்.

பேசிய ஒவ்வொரு தொடர்பையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், அதாவது நம் நேரத்திலிருந்து ஐந்தரை மணியைக் கழித்து. விமான அட்டவணை பார்த்துப் பழகியும் முதல் இரண்டு பக்கத்தை நம் நேரத்தில் எழுதிவிட்டு அடித்துத் திருத்தினேன்.

இனி, விமான ரசிகர்கள் தவறவிடக்கூடாத ஒன்று. ஆட்களோடு மிக உயரத்தில் பறப்பவற்றில் ஒன்று பன்னாட்டு விண்வெளி நிலையம். சுமார் 400 கிலோமீட்டர் உயரம், மணிக்கு 27,600 கிலோமீட்டர் வேகம். அதனுள் ஹாம் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து பள்ளி மாணவர்களோடு பேசும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் குரல் வரும், அதே எஃப்.எம்., அதே கையடக்க செட். இந்திய விமானப்படை விமானி சுபான்ஷு சுக்லா 2025 ஜூலையில் அங்கிருந்து நம் மாணவர்களோடு பேசியது ஹாம் ரேடியோவில்தான். விமானியாக இருந்தவர் ஹாமாகவும் இருந்தது புதிதல்ல; இந்தியன் ஏர்லைன்ஸில் விமானம் ஓட்டிய ராஜீவ் காந்தியின் கால்சைன் வி.யு.2 ஆர்.ஜி. இஸ்ரோவும் 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஹாம்சாட் என்று ஹாம்களுக்காகவே ஒரு செயற்கைக்கோளை அனுப்பியது. அது 2014 வரை உழைத்தது.

விண்வெளி நிலையத்தில், கேட்டதை அப்படியே திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரும் இயங்கும் நாட்கள் உண்டு, அதன் குரல் 437.800இல் இறங்கும். அங்கே டாப்ளர் விளைவு கண்கூடு. நிலையம் நம்மை நோக்கி வரும்போது 437.810இல் தேட வேண்டும், தலைக்கு மேல் 437.800, விலகும்போது 437.790. இறங்க வரும் விமானத்தின் ஓசை நம்மைக் கடந்ததும் தாழ்ந்துபோகுமே, அதே சங்கதி. ஒரு கடப்பு பத்து நிமிடம்தான். மகன் செட்டைப் பிடித்துக்கொண்டு அலைவரிசையை மாற்ற, நான் திசை சொல்ல, மூன்றாவது முயற்சியில் யாரோ ஒருவருடைய கால்சைன் காதில் விழுந்தது. 9வி என்று தொடங்கியது.

"அம்மா, சிங்கப்பூர்!" என்று அவன்தான் முதலில் கத்தினான். நோட்டு எழுதாமலே அவனுக்கு அது வந்துவிட்டது.

இதையெல்லாம் தாண்டி ஒரு விளையாட்டு இருக்கிறது. அதற்கு ஒரே திசையை நோக்கும் நல்ல யாகி ஆன்டெனாவும் கூடுதல் வாட்டும் பொறுமையும் வேண்டும். விமானத்தின் உலோக உடலில் மோதித் திரும்பும் அலையைப் பிடித்து, தொடுவானத்துக்கு அப்பால் இருப்பவரோடு பேசுவது. ஆஸ்திரேலியாவில் சிட்னிக்கும் மெல்போர்னுக்கும் இடையில் இது பிரபலம். அந்தத் தடத்தில் விமானங்கள் ஓயாமல் பறக்கின்றன. நடுவழியில் ஒரு விமானம் வரும் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு இரு முனையிலும் காத்திருப்பார்கள். நான் இன்னும் அங்கே போகவில்லை. ஆனால் அதன் நிழலைப் பார்த்துவிட்டேன்.

சின்ன வயதில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் விமானம் போகும்போதெல்லாம் படம் நெளியும். ஒளியும் ஒலியும் நடுவில் விமானம் வந்தால் பாட்டி வானத்தைத் திட்டுவார். மாடிக்கு ஓடிப் பதிவெண் எழுதிவிட்டுத் திரும்பும் என்னையும் சேர்த்துத் திட்டுவார். நேராக வரும் அலையும், விமானத்தில் பட்டுச் சற்றுச் சுற்றி வரும் அலையும் ஒரு கணம் கூடி, மறுகணம் ஒன்றையொன்று தின்பதால் வரும் நெளிவு அது என்று பெரியவர் பின்னால் விளக்கினார்.

போன மாதம் ஒரு ஞாயிறு மாலை, 145 மெகாஹெர்ட்ஸில் மறைமலைநகர்க்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு மாவு அரைக்கும் இயந்திரத்தைப் பற்றி. திடீரென்று அவர் குரல் தாளம் போடுவதுபோல் துடித்தது. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

"மேடம், உங்கள் குரல் நடுங்குகிறதே, உடம்புக்கு என்ன?" என்றார்.

"ஒன்றுமில்லை சார். ஒரு நிமிடம் இருங்கள்" என்று சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்து பைனாகுலரை எடுத்தேன். சக்கரம் இறங்கியிருந்தது. வெயில் வாலில் பட்டது. எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன.

அந்தத் தொடர்பை நாட்குறிப்பில் எழுதும்போது குறிப்புப் பத்தியில் அந்தப் பதிவெண்ணையும் சேர்த்தேன். உலகப் பொது நேரம் 11.52.